“ஒரு பிள்ளை பெத்துக்கிட்டா சரியாயிடும்”

மாதவிடாய் நாட்களில் சுருண்டு படுக்கும் பெண்ணிடம் நம் வீடுகளில் சொல்லப்படும் வாசகம் இது. அம்மா சொல்வாள், அத்தை சொல்வாள், சில நேரம் மருத்துவரும் சொல்வார். கல்யாணம் ஆகாதவள் என்றால் அதற்கு முன்னால் இன்னொரு படி உண்டு: “முதல்ல ஒரு கல்யாணத்தைப் பண்ணு.” அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்புக்குள் மூன்று தீர்ப்புகள் ஒளிந்திருக்கின்றன. பெண் என்றால் வலிக்கத்தான் செய்யும் என்பது ஒன்று. வலிக்கு மருந்து கர்ப்பம் என்பது இரண்டாவது. வலி பெரிய விஷயமில்லை, பிள்ளைதான் விஷயம் என்பது மூன்றாவது.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இந்த மூன்று தீர்ப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நோய். பிள்ளை பெறு, வலி போகும் என்று யாரிடம் சொல்கிறோமோ, அவளுக்குப் பிள்ளை உண்டாவதே கடினமாக இருக்கலாம். உண்டானது தங்காமலும் போகலாம். இந்த முரணைத் தன் உடம்பில் சுமந்து எழுதியவர் ஆங்கில நாவலாசிரியர் ஹிலாரி மான்டெல். அவருடைய தன்வரலாறான ‘கிவிங் அப் த கோஸ்ட்’ 2003-இல் வெளிவந்தது. அந்த நூலை வைத்து இந்த வாசகத்தையும், அதற்குப் பின்னால் இருக்கும் மருத்துவத்தையும் வாசித்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். கருப்பையின் உள்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். சினைப்பையில், கருக்குழாயின் மேல், குடலில், சிறுநீர்ப்பையில் என்று பல இடங்களில் அது ஒட்டிக்கொள்கிறது. மாதந்தோறும் ஹார்மோன்களுக்கு ஏற்ப வீங்கி, கசிந்து, சுற்றியிருக்கும் இடத்தைப் புண்ணாக்குகிறது. நாளடைவில் தழும்புகள் உண்டாகி உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் கூடும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கிக் கட்டியாகும்போது அதைச் சாக்லேட் கட்டி என்கிறார்கள். உலகில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இவ்வளவு பரவலாக இருந்தும், பிரிட்டனில் 2024-இல் வந்த கணக்கின்படி, முதலில் மருத்துவரிடம் போனதிலிருந்து நோயின் பெயரைக் கேட்கச் சராசரியாக 8 ஆண்டுகள் 10 மாதங்கள் ஆகின்றன.

மான்டெல் மாணவியாக இருந்தபோது உடல் வலியோடு மருத்துவரிடம் போனார். அவருக்கு மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தரப்பட்டன. அவை பயன் தராதபோது மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டார். இன்னும் கடுமையான மருந்துகள் வந்தன. அந்த மருந்துகளே அவரை நிலைகொள்ளாமல் தவிக்கவைத்தன. அந்தத் தவிப்பும் மனநோய்க்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுதுவதை நிறுத்து என்றுகூட மருத்துவர் சொன்னார். 1970-களின் இறுதியில், கணவரின் வேலை நிமித்தமாகப் போட்ஸ்வானாவில் வாழ்ந்தபோது, ஒரு மருத்துவ நூலைப் புரட்டித் தன் நோய் இன்னது என்று அவரே கண்டுபிடித்தார். 1979 இறுதியில் லண்டனில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 27.

வலிக்கிறது என்று சொன்னபோது அவரை நம்பாத மருத்துவம், நம்பியபோது கருப்பையை எடுத்துக்கொண்டது. நடுவில் ஒரு வாய்ப்பும் அவருக்குக் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே நோய் திரும்பியது. கருப்பையை எடுத்தால் எல்லாம் தீர்ந்தது என்பதும், பிள்ளை பெற்றால் தீரும் என்பதைப் போலவே இன்னொரு பொய் என்பதை அவர் உடல் காட்டியது. ஹார்மோன் சிகிச்சையால் ஒல்லியாக இருந்தவர் பருமனானார். தன் உடம்பைத் தானே அடையாளம் காண முடியாத நிலையை அந்த நூலின் பிற்பகுதி சொல்கிறது.

பிள்ளை பெற்றால் சரியாகும் என்ற வாக்கு வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அதற்கு மருத்துவ வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஆல்பனி நகரைச் சேர்ந்த ஜான் சாம்ப்சன் 1921-இல் சாக்லேட் கட்டிகளைப் பற்றி எழுதினார். மாதவிடாய் ரத்தம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போய் ஒட்டிக்கொள்வதால் நோய் வருகிறது என்ற விளக்கத்தை 1927-இல் முன்வைத்தார். அப்படிப் பின்னோக்கிப் போவது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது, நோயோ சிலருக்குத்தான் வருகிறது. ஆகவே அந்த விளக்கம் முழுமையானதல்ல. ஆனால் அதிலிருந்து ஓர் அறிவுரை எளிதாகப் பிறந்தது: மாதவிடாய் குறைந்தால் நோய் குறையும், கர்ப்பமானால் மாதவிடாய் நிற்கும். பாஸ்டன் நகரின் பெண்நோய் மருத்துவர் ஜோ வின்சென்ட் மெய்க்ஸ் 1940-களில் இதை ஒரு சமூகத் தத்துவமாகவே ஆக்கினார். வசதியான குடும்பத்துப் பெண்கள் தாமதமாக மணந்து தாமதமாகப் பிள்ளை பெறுவதுதான் நோய்க்குக் காரணம், சீக்கிரம் மணந்து சீக்கிரம் பெறுவதே தடுப்பு என்றார். பின்னாளில் ‘வேலைக்குப் போகும் பெண்களின் நோய்’ என்றே இதற்கு ஒரு பட்டப்பெயர் விழுந்தது.

வசதியான பெண்களுக்குத்தான் இந்த நோய் என்று மருத்துவர் ஏன் நினைத்தார்? அவருடைய தனி அறைக்கு வந்து, கட்டணம் கட்டி, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு நோயின் பெயரைப் பெற முடிந்தவர்கள் அவர்கள்தான். வர முடியாதவர்களின் வலி கணக்கில் ஏறவில்லை. 1976-இல் கறுப்பின மருத்துவர் டொனால்ட் சாட்மன் இதை உடைத்தார். இடுப்புப் பகுதித் தொற்று என்று முத்திரை குத்தப்பட்டிருந்த கறுப்பினப் பெண்களைப் பரிசோதித்தபோது, அவர்களில் 20 சதவீதத்துக்கும் மேலானோருக்கு உண்மையில் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு வலித்தால் அவள் படித்ததும் வேலைக்குப் போனதும் காரணம். கறுப்பினப் பெண்ணுக்கு வலித்தால் அவள் ‘ஒழுக்கம்’ காரணம். இரண்டிலும் குற்றவாளி பெண்தான்.

ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது: எண்டோமெட்ரியோசிஸுக்குச் சிகிச்சை என்ற ஒரே நோக்கத்துக்காகக் கர்ப்பமாகும்படி எந்தப் பெண்ணுக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. கர்ப்பத்தால் எப்போதும் அறிகுறிகள் தணிவதில்லை, நோய் வளர்வதும் எப்போதும் நிற்பதில்லை என்பதே காரணம். மெய்க்ஸ் எழுதியதற்கும் இந்த வரிக்கும் நடுவில் எண்பது ஆண்டுகள். அந்த எண்பது ஆண்டுகளில் எத்தனை கல்யாணங்கள் மருந்துச் சீட்டாக எழுதப்பட்டிருக்கும்!

அந்த மருந்துச் சீட்டு இன்னொன்றையும் மறந்துவிடுகிறது. இந்த நோய் உள்ள பலருக்கு உடலுறவே வலி. கர்ப்பம்தான் மருந்து என்றால், ஒவ்வொரு வேளை மருந்தும் வலியோடு விழுங்க வேண்டிய மருந்து. மாதத்தில் ‘அந்த நாட்கள்’ எவை என்று நாள்காட்டியில் குறித்துக் கொடுக்கும்போது, அந்த நாட்களில் அவளுக்கு என்ன நேர்கிறது என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்?

இனிக் குழந்தைப்பேறு. இந்த நோய் இருந்தால் பிள்ளையே பிறக்காது என்று பயமுறுத்துவதும் தவறு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்குக் கருத்தரிப்பதில் சிக்கல் வருகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ வருவதில்லை. வேறு குறையில்லாத நூறு இளம் தம்பதியரில் ஒரு மாதத்தில் 15 முதல் 20 பேருக்குக் கரு உண்டாகும் என்றால், சிகிச்சை பெறாத எண்டோமெட்ரியோசிஸில் அது 2 முதல் 10 வரைதான். கதவு மூடிவிடவில்லை, ஒருக்களித்திருக்கிறது. காரணங்கள் பல. தழும்பு கருக்குழாயை வளைத்து இழுத்துவிடுகிறது. சினைப்பைக் கட்டி முட்டைகளின் இருப்பைக் குறைக்கிறது. வயிற்றுக்குள் நிரந்தரமாக இருக்கும் அழற்சி முட்டைக்கும் விந்தணுவுக்கும் ஊறு செய்கிறது. கரு ஒட்டுவதற்கு உதவும் புரொஜெஸ்டிரோனுக்குக் கருப்பையின் உள்படலம் சரியாகப் பதில் சொல்லாமல் போவதும் உண்டு.

சிகிச்சையிலும் இரண்டு பக்கம் உண்டு. கனடாவில் லேசான நோயுள்ள 341 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1997-இல் வெளிவந்தது. லேப்ராஸ்கோபி மூலம் நோய்த் திசு அகற்றப்பட்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் அடுத்த 36 வாரங்களில் கருவுற்று அதை 20 வாரம் தாண்டிச் சுமந்தார்கள். உள்ளே பார்த்துவிட்டு எதையும் அகற்றாமல் விடப்பட்டவர்களில் அது சுமார் 18. ஆக, அறுவை சிலருக்கு உதவுகிறது. ஆனால் சினைப்பைக் கட்டியை வெட்டி எடுக்கும்போது அதனோடு நல்ல முட்டைகளும் போகலாம். ஆகவே அறுவைக்கு முன் ஏ.எம்.எச் பரிசோதனை செய்து முட்டை இருப்பைத் தெரிந்துகொள்வதும், அறுவை எதற்காக, வலிக்கா பிள்ளைக்கா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்பதும் பெண்ணின் உரிமை. வலியின் அளவும் நோயின் பரப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறிதளவு நோய் உள்ளவள் துடிப்பாள்; உள்ளே எல்லாம் ஒட்டிப்போனவள் வலியே தெரியாமல் கருத்தரிப்பு மையத்தின் ஸ்கேன் அறையில்தான் முதன்முதலாக அந்தப் பெயரைக் கேட்பாள்.

இழப்பைப் பற்றி இதைவிடக் குறைவாகவே பேசுகிறோம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் லக்கி சரஸ்வத் தலைமையில் நடந்த ஆய்வு, 14,655 பெண்களின் முப்பது ஆண்டுக்கால மருத்துவமனைப் பதிவுகளை ஒப்பிட்டது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்குக் கருச்சிதைவு நேரும் வாய்ப்பு 76 சதவீதம் கூடுதல். கருக்குழாயில் கரு தங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 2.7 மடங்கு. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பது போன்ற சிக்கல்களும் கூடுதல்.

இந்த எண்களைக் கவனமாக வாசிக்க வேண்டும். 76 சதவீதம் கூடுதல் என்றால் நூறு கர்ப்பத்தில் 76 கலையும் என்று பொருளல்ல. நோய் இல்லாதவருக்கு உள்ள வாய்ப்போடு ஒப்பிட்டால் அவ்வளவு அதிகம் என்று மட்டுமே பொருள். தொடக்க வாரங்களில் நிகழும் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதி, கருவின் குரோமோசோம் கோளாறால் நிகழ்பவை. பப்பாளி தின்றதாலோ, பேருந்தில் போனதாலோ, அலுவலகத்துக்குப் போனதாலோ நிகழ்பவை அல்ல. கரு கலைந்த வீட்டில் முதலில் நடப்பது விசாரணைதான்: என்ன சாப்பிட்டாய், எதைத் தூக்கினாய், யார் பேச்சைக் கேட்கவில்லை? ஆய்வின் எண்கள் அந்த விசாரணைக்குச் சாட்சியாகிவிடக் கூடாது. அவளை விடுவிக்கும் சாட்சியாக வேண்டும்.

கருக்குழாய்க் கர்ப்பத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது உயிர் போகும் விஷயம். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, கொஞ்சம் ரத்தப்போக்கு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவளுக்கு இது பழகிய வலி போலவே தோன்றும். வலியைப் பொறுத்துக்கொள்ளப் பயிற்றுவிக்கப்பட்டவள் அன்றும் பொறுத்துக்கொள்வாள். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது கடும் வயிற்றுவலியோ, தோள்பட்டை வலியோ, மயக்கமோ வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பொறுமை இங்கே நற்குணமில்லை.

மான்டெல் கருவைச் சுமந்து இழந்தவர் அல்லர். கருவே தரிக்காமல் இழந்தவர். கணவரோடு இளம் வயதிலேயே ஒரு மகளைக் கற்பனை செய்து கத்ரியோனா என்று பெயரும் வைத்திருந்தார். நூலின் தலைப்பு ஆங்கிலத்தில் உயிர் விடுவதைக் குறிக்கும் தொடர். ஆவிகளை விட்டுவிடுவது என்றும் அதை வாசிக்கலாம். அந்த ஆவிகளில் ஒன்று கத்ரியோனா. இறந்துபோன பிள்ளைக்காவது ஒரு நாள் உண்டு, சில வீடுகளில் விளக்கும் உண்டு. கலைந்த கருவுக்கு நம்மிடம் சடங்கு இல்லை. பிறக்கவே முடியாமல் போன பிள்ளைக்குத் துக்கம் கேட்க யார் வருவார்கள்? நமக்கு ‘மலடி’ என்ற வசைச்சொல் கைவசம் இருக்கிறது, அவள் துக்கத்துக்கு ஒரு சொல் இல்லை.

இந்த நூலின் பெரிய வலிமை, அந்தத் துக்கத்தை அது தாய்மை ஏக்கமாகச் சுருக்கவில்லை என்பதுதான். அவர் துக்கப்படுவது பிள்ளைக்காக மட்டுமல்ல, பெறுவதா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை பறிபோனதற்காகவும்தான். பெண்ணியவாதிகள் பலரும் இந்த இடத்தில் தடுமாறுகிறோம். தாய்மைதான் பெண்மை என்பதை மறுக்கும்போது, பிள்ளைக்காக அழுபவளின் கண்ணீரையும் சேர்த்து மறுத்துவிடுகிறோம். வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்கும், வேண்டும் என்று அழும் உரிமைக்கும் அடிப்படை ஒன்றேதான் என்று இந்த நூல் காட்டுகிறது.

அவருடைய நாவல்களிலும் இது தொடர்கிறது. 2012-இல் புக்கர் பரிசு பெற்ற ‘ப்ரிங் அப் த பாடீஸ்’ நாவலின் நடுவே ஒரு கருச்சிதைவு இருக்கிறது. 1536 ஜனவரி 29 அன்று, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரீன் அடக்கம் செய்யப்பட்ட அதே நாளில், இரண்டாம் மனைவி ஆனி பொலினுக்குக் கரு கலைந்தது. மே 19 அன்று அவர் தலை துண்டிக்கப்பட்டது. கேத்தரீனும் பல முறை கருவுற்று, பிழைத்து வளர்ந்தது மகள் மேரி மட்டும்தான் என்பதால் தள்ளி வைக்கப்பட்டவர். அரண்மனையே ஒரு பெண்ணின் வயிற்றைக் காவல் காப்பதையும், அவள் துணியில் ரத்தம் பட்டதா என்று வேவு பார்ப்பதையும் அந்த நாவல் அரசியலாகவே எழுதுகிறது. ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என்று கேட்கப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் அந்த அரண்மனை தெரிந்த வீடுதான். அரச குடும்பத்துப் பெண்களை வாரிசு பெறும் உடல்களாக மட்டும் பார்ப்பதை மான்டெல் 2013-இல் ஓர் உரையில் விமர்சித்தபோது, இளவரசியை அவமதித்துவிட்டார் என்று பத்திரிகைகள் கொதித்தன; பிரதமர் டேவிட் கேமரன் வரை கண்டித்தார். பார்வையைச் சுட்டிக்காட்டியவர் மேலேயே பழி விழுந்தது.

அதே காலகட்டத்தில் மருத்துவ உலகின் பார்வை எப்படி இருந்தது? இத்தாலிய மருத்துவர்கள் சிலர், கடுமையான எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்கள் மற்றவர்களைவிடக் கவர்ச்சியாக இருக்கிறார்களா என்று மதிப்பெண் போட்டு ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை குழந்தையின்மை பற்றிய புகழ்பெற்ற மருத்துவ இதழில் 2013-இல் அச்சாயிற்று. எதிர்ப்புகள் எழுந்து 2020-இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

மான்டெலின் நூலுக்கு எல்லை இல்லாமல் இல்லை. அது ஒருத்தியின் கதை. படித்த, எழுதத் தெரிந்த, தன் நோயைப் புத்தகத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடிந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கதை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. மாதவிடாயால் வேலை நாள் போனால் கூலி போகும் என்ற நெருக்கடி அதன் பின்னால் இருந்தது. அவர்களுக்கு என்னென்ன நோய் இருந்தது, வேறு சிகிச்சை உண்டா என்று பொறுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே விதி தெரிகிறது: பிள்ளை பெறும் வரை கருப்பைக்காக வலியைப் பொறு, பெற்று முடித்தபின் கருப்பையே எதற்கு? இரண்டு இடத்திலும் அவளுடைய வலி அவளுக்காகக் கவனிக்கப்படவில்லை.

மான்டெலின் அறுவைக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பு, 1978 ஜூலையில், அவர் வளர்ந்த ஊருக்கு அதிகத் தொலைவில்லாத ஓல்ட்ஹாமில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. குழந்தையின் தாய்க்குக் கருக்குழாய் அடைப்பு. அன்று தொடங்கிய தொழில்நுட்பம் இன்று நம் ஊர்களிலும் பெரிய பலகைகளோடு நிற்கிறது. அதனால் பலருக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தபோது திறக்காத கதவு, முப்பது வயதில் பிள்ளை இல்லை என்றதும் திறக்கிறது. அதுவும் பணம் இருந்தால்.

அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக? பள்ளிக்குப் போக முடிகிறதா? மலம், சிறுநீர் கழிக்கும்போது வலிக்கிறதா? வளர்ந்தவளிடம் இன்னும் இரண்டு: உனக்குப் பிள்ளை வேண்டுமா, எப்போது? வேண்டாம் என்றாலும் அவள் வலிக்குச் சிகிச்சை உண்டு. வேண்டும் என்றால் வலியைப் பொறுத்துக்கொள்வது அதற்குக் கொடுக்கும் விலையல்ல. கருவை இழந்து வந்தவளிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: “நீ எப்படி இருக்கிறாய்?” அதைக் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை இருக்க வேண்டும்.